ஈர விறகுக்குப் பெற்றோல் ஊற்றி நெருப்பு மூட்டுவது பற்றி

கேள்வி
ஹப்புத்தளை விருந்தகம்:

வணக்கம். ஹப்புத்தளைக்கு அருகில், தேயிலை மலையை ஒட்டியிருக்கும் சிறிய விருந்தகம் ஒன்றை நடத்தி வருகிறேன். கொழும்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் குடும்பமாக வந்து தங்குபவர்கள், இரவில் முற்றத்தில் நெருப்பு மூட்டிக் குளிர் காய வேண்டும் என்று தவறாமல் கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் எங்கள் பக்கத்தில் விறகு காய்வதே இல்லை. தகரக் கூரையின் கீழ் அடுக்கி வைத்தாலும் மூடுபனி உள்ளே புகுந்து நனைத்துவிடுகிறது.

கடந்த வாரம் எங்களிடம் வேலை செய்யும் தம்பி, மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு சோடாப் போத்தலில் பெற்றோலை இறக்கி வந்து விறகின் மேல் ஊற்றியிருக்கிறார். பிறகு லைட்டரைத் தேடி உள்ளே போய்த் திரும்பி வரச் சில நிமிடங்கள் ஆகிவிட்டன. அவர் குனிந்து பற்ற வைத்த கணத்தில் பெரிய சத்தத்துடன் தீ எழுந்தது. விறகில் மட்டுமன்றி, பெற்றோல் ஒரு துளியும் விழாத புல்தரையின் மேலும், முற்றத்தின் கீழ்ப்பக்கமுள்ள கான் (வடிகால்) வரையிலும் நெருப்பு ஒரே ஓட்டமாக ஓடி மறைந்தது. அவருடைய புருவமும் முன்முடியும் பொசுங்கின. முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. கானுக்கு அருகில் அப்போது எவரும் உட்கார்ந்திருக்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

நான் கண்டித்தபோது, “இந்தக் குளிரில் பெற்றோல் அவ்வளவாக வேலை செய்யாது, அதனால்தான் கொஞ்சம் கூடுதலாக ஊற்றினேன்” என்றார். சுற்றியுள்ள விடுதிகளிலும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார். ஊற்றாத இடத்தில் நெருப்பு எப்படிப் பிடித்தது? பெற்றோலுக்குப் பதிலாக மண்ணெண்ணெயோ டீசலோ பாவித்தால் ஆபத்துக் குறையுமா? இவை எதுவுமின்றி, நனைந்த விறகை மூட்ட வழி இருக்கிறதா? அறிந்தவர்கள் விளக்கினால், அதை அப்படியே ஊழியர்களுக்குப் படித்துக் காட்டலாம் என்று இருக்கிறேன்.


பதில் 1
அட்டன் இரசாயனவியல் ஆசிரியர்:

உங்கள் ஊழியர் சொன்ன காரணத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மலைநாட்டில் இந்த நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. பெற்றோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவி காற்றோடு கலந்த பின்னரே எரிகிறது. தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் குறைந்தபட்ச வெப்பநிலை ஒவ்வோர் எரிபொருளுக்கும் உண்டு. பெற்றோலுக்கு அது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ். தை மாத விடியற்காலையில் நுவரெலியாவில் புல்லின் மேல் உறைபனி படிந்து கிடக்கும்போதுகூட, பெற்றோலின் கணக்கில் அது வெப்பமான நாள்தான். ஆகவே ஹப்புத்தளைக் குளிர் நமக்குத்தான் குளிர். பெற்றோல் அதைப் பொருட்படுத்துவதே இல்லை.

இனி, ஊற்றாத இடத்தில் நெருப்பு ஓடியதற்கான காரணம். பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று முதல் நான்கு மடங்கு கனமானது. அது மேலே எழுந்து கலைந்து போகாமல் தரையோடு தரையாகப் படிந்து, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாக, மாலையில் பள்ளத்தாக்கில் இறங்கும் மூடுபனியைப் போல ஊர்ந்து இறங்கும். வித்தியாசம் என்னவென்றால், இது கண்ணுக்குத் தெரியாது. உங்கள் முற்றம் கான் பக்கமாகச் சரிந்திருக்க வேண்டும். லைட்டரைத் தேடிய அந்தச் சில நிமிடங்களில் ஆவி புல்தரையைக் கடந்து கானுக்குள் இறங்கி நிறைந்திருக்கிறது. தட்டையான ஊர்களில் வட்டமாகப் பரவும் ஆபத்து, நமது மலைச் சரிவில் ஒரு திசையில் நீளமாக ஓடுகிறது. கானின் மறுமுனையில் யாராவது விறகடுப்பு மூட்டியிருந்தால், தீ அங்கிருந்து கிளம்பி உங்கள் ஊழியரின் கையை நோக்கி வந்திருக்கக்கூடும்.

அளவையும் பாருங்கள். காற்றில் 100 பங்குக்கு ஏறத்தாழ 1.4 பங்கு முதல் 7.6 பங்கு வரை பெற்றோல் ஆவி இருந்தால் அந்தக் கலவை எரியும். ஒரு சிறிய தேநீர்க் கோப்பை அளவு, அதாவது 100 மில்லிலீற்றர் பெற்றோல் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 18 லீற்றர் ஆவி கிடைக்கும். அது காற்றோடு கலந்து 1000 லீற்றருக்கும் மேற்பட்ட எரியக்கூடிய கலவையாக மாற முடியும். காற்று அசையாத, பனி மூடிய இரவில் அந்தக் கலவை கலைந்து போகவும் வழியில்லை. “கொஞ்சம்தான் ஊற்றினேன்” என்பவர்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். பற்ற வைக்கத் தாமதிப்பது பாதுகாப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். பெற்றோலைப் பொறுத்தவரை தாமதம்தான் ஆபத்தைப் பெருக்குகிறது. உடனே பற்ற வைத்தால் சரியா என்று கேட்காதீர்கள். அதற்கும் குனிந்து கையை நீட்டித்தான் ஆக வேண்டும்.

மண்ணெண்ணெய் சாதாரணமாக 38 பாகைக்கு மேலும், டீசல் 50 பாகைக்கு மேலும் சென்றால்தான் அந்த அளவுக்கு ஆவியைத் தரும். அதனால் குளிர்ந்த விறகின் மேல் அவை தரையோடு ஓடும் ஆவிப் படலத்தை உண்டாக்குவதில்லை என்பது உண்மை. ஆனால் இந்தப் பாதுகாப்பு விறகு குளிராக இருக்கும்வரை மட்டுமே. ஈர விறகு பாதி பிடித்து, சுவாலை அடங்கி, உள்ளே தணல் கனன்றுகொண்டிருக்கும்போது “அணைந்துவிட்டது” என்று எண்ணி இரண்டாம் முறை ஊற்றுகிறார்கள் அல்லவா? தணலின் சூடு பல நூறு பாகை. அதில் விழும் மண்ணெண்ணெய் உடனே வெள்ளைப் புகை போல ஆவியாகி எழும். ஊற்றுபவர் அந்தப் புகைக்கு நடுவில் நிற்கும்போது அது மொத்தமாகப் பற்றிக்கொள்ளும். என் கணிப்பில், முதல் முறை ஊற்றுவதைவிட இந்த இரண்டாம் முறைதான் மண்ணெண்ணெய் பாவிப்போருக்கு வினையாகிறது.

மேலும் ஒன்று. பெற்றோல் இருந்த போத்தலிலேயே மண்ணெண்ணெய் வாங்கினால், அடியில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு பெற்றோலே முழுப் போத்தலின் குணத்தையும் மாற்றிவிடப் போதும். பார்வைக்கும் மணத்துக்கும் மண்ணெண்ணெய் போலவே இருக்கும். பற்றும் விதம் வேறாகிவிடும்.


பதில் 2
வெலிமடை மரக்கறித் தோட்டம்:

ஆசிரியர் ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அப்பா காலத்திலிருந்தே உருளைக்கிழங்குக் கொடியையும் களையையும் குவித்து, மண்ணெண்ணெய் தெளித்துத்தான் எரிக்கிறோம். இதுவரை ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. படித்தவர்கள் எல்லாவற்றையும் பயமாக்கிவிடுகிறார்களோ என்றும் சில வேளைகளில் தோன்றுகிறது. விருந்தகத்துக்காரருக்கு நான் சொல்வது: பெற்றோலை விட்டுவிடுங்கள், மண்ணெண்ணெயை அளவோடு பாவியுங்கள். அது போதும்.


பதில் 3
தாதி உத்தியோகத்தர், பதுளை மாவட்டம்:

வெலிமடை அண்ணாவுக்கு மரியாதையுடன் ஒரு வார்த்தை. ஒன்றும் நடக்காதவர்கள் வைத்தியசாலைக்கு வருவதில்லை. நடந்தவர்களைத்தான் நாங்கள் பார்க்கிறோம். குனிந்து நெருப்பு மூட்டியவருக்கு முகம், கழுத்து, வலது கை என்று ஒரே ஒழுங்கில் எரிந்திருக்கும். காயத்தைப் பார்த்தே எப்படி நடந்தது என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். குளிருக்கு அணியும் மலிவான செயற்கை நூல் ஜேர்சியும் ஜக்கெட்டும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்வது மலைநாட்டுக்கே உரிய கூடுதல் துன்பம்.

ஊழியர்களுக்குப் படித்துக் காட்டப் போகிறீர்கள் என்பதால் முதலுதவியை இங்கேயே எழுதிவிடுகிறேன். உடையில் தீ பிடித்தவர் ஓடக்கூடாது. ஓடினால் சுவாலை முகத்துக்கு ஏறும். நின்ற இடத்திலேயே படுத்து, முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டு உருள வேண்டும். அருகில் இருப்பவர் தடித்த கம்பளியையோ நனைத்த சாக்கையோ போர்த்தி அணைக்கலாம். தீ அணைந்ததும், எரிந்த இடத்தின் மேல் குழாய்த் தண்ணீர் 20 நிமிடங்கள் தொடர்ந்து ஓட வேண்டும். இரண்டு வாளி ஊற்றிவிட்டு நிறுத்துவதில் பயனில்லை. எரிந்து மூன்று மணித்தியாலத்துக்குள் செய்தாலும் இந்தக் குளிர்விப்புப் பலன் தரும் என்பதால், “நேரம் போய்விட்டது” என்று விட்டுவிடாதீர்கள். ஆனால் நமது இரவுக் குளிரில் ஒருவரை முழுவதும் நனைத்து வைத்திருந்தால் உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடும், அதுவும் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் விரைவாகவே குறையும். எரிந்த இடத்தில் மட்டும் தண்ணீர் ஓடட்டும். மற்றப் பாகங்களைக் கம்பளியால் சுற்றி வையுங்கள்.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றை வீக்கம் ஏறுமுன் கழற்றிவிட வேண்டும். எரிபொருள் ஊறிய உடையை அகற்றுங்கள், ஆனால் தோலோடு ஒட்டியதை இழுக்காதீர்கள். பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, தேங்காயெண்ணெய், ஐஸ் கட்டி எதுவும் வேண்டாம். பற்பசை பூசிக்கொண்டு வருபவர்களுக்கு நாங்கள் முதலில் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. அந்த வேதனையை யாரும் விரும்பிக் கேட்கமாட்டார்கள். சமையலறையில் உணவு மூடப் பாவிக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருந்தால் அதைத் தளர்வாகப் போர்த்தலாம்.

உங்கள் ஊழியருக்குப் புருவம் பொசுங்கியதோடு முடிந்தது நல்லது. ஆனால் மூக்கு முடி கருகியிருந்தாலோ, குரல் கரகரத்தாலோ, எச்சிலில் கரி தெரிந்தாலோ, வெளியே காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும். சூடு பட்ட மூச்சுக்குழாய் சில மணித்தியாலங்களின் பின்னரும் வீங்கி அடைத்துக்கொள்ளும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் வரும், கட்டணம் இல்லை.

நெருப்போடு நேரடியாகச் சேராத ஒன்றையும் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிளிலிருந்து குழாய் போட்டு வாயால் உறிஞ்சித்தானே பெற்றோல் இறக்குகிறார்கள்? ஒரு மிடறு நுரையீரலுக்குள் போனால் கடுமையான நுரையீரல் அழற்சி உண்டாகும். அதேபோல் சோடாப் போத்தலில் மண்ணெண்ணெயையோ பெற்றோலையோ வைத்தால் சிறு பிள்ளைகள் குடித்துவிடுகிறார்கள். குடித்தவரை வாந்தி எடுக்க வைக்கவே கூடாது, ஏனென்றால் திரும்பி வரும்போதுதான் அது நுரையீரலுக்குள் நுழைகிறது.


பதில் 4
ஓய்வு பெற்ற வெளிக்கள உத்தியோகத்தர், பொகவந்தலாவை:

மேலே இருவரும் ஏன் கூடாது என்பதை விளக்கிவிட்டார்கள். நான் வேறு என்ன செய்யலாம் என்பதை எழுதுகிறேன். தோட்டத்தில் ஆயுள் முழுவதும் ஈர விறகோடு மல்லுக்கட்டியவன் என்ற தகுதி எனக்கு உண்டு.

ஹப்புத்தளையில் இருந்துகொண்டு விறகுக்குக் கவலைப்படுகிறீர்களே! கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து நமது பெண்கள் தலையில் சுமந்து வரும் மிலாறு, அதாவது வெட்டிய தேயிலைச் செடியின் குச்சி, இருக்கும்போது பெற்றோல் எதற்கு? நன்றாகக் காய்ந்த மிலாறு விரல் பருமனில், கிளை கிளையாக, காற்று புக இடம் விட்டு அடுக்கத் தோதாக இருக்கும். ஒரு கடதாசிக் கொழுந்தில் பிடித்துக்கொள்ளும். அதை முற்றத்துத் தகரக் கொட்டகையில் வைக்காதீர்கள். லயத்தில் அடுப்புக்கு மேலே பரண் கட்டி அதில் அடுக்குவார்கள். சமையல் சூட்டிலும் புகையிலும் அது எந்த மழையிலும் உலர்ந்தே இருக்கும். உங்கள் விருந்தகச் சமையலறையில் விறகடுப்பு இருந்தால் அப்படியே செய்யலாம். இல்லாவிட்டால், மறுநாளைக்கு வேண்டிய சுள்ளியை மட்டுமாவது முதல் நாளே வீட்டுக்குள் எடுத்து வையுங்கள்.

பெரிய விறகு வெளியே நனைந்திருந்தாலும் உள்ளே பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். யூகலிப்டஸ் கட்டையைக் கோடரியால் நான்காகப் பிளந்து, உட்பக்கம் நெருப்பைப் பார்க்கும்படி வையுங்கள். ஈரத்தரையில் நேரே அடுக்காமல் கீழே செங்கல்லோ தகரமோ போட்டு, அதன் மேல் இரண்டு கட்டைகளைப் படுக்க வைத்து, குறுக்கே சிறியவற்றை அடுக்கி, உச்சியில் மிலாறையும் சிரட்டையையும் வைத்து மேலிருந்து மூட்டுங்கள். நெருப்புக் கீழ்நோக்கி இறங்கும்போது அடுத்த அடுக்கைத் தானே உலர்த்திக்கொண்டு போகும். புகையும் குறைவு. பற்ற வைப்பதற்கு எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டு ஒன்று, முட்டை அட்டையில் வைத்தது, போதுமானது. பைனஸ் மரத்தில் பிசின் ஊறிய முடிச்சுப் பகுதியைச் சீவி வைத்துக்கொண்டால் அது மண்ணெண்ணெயின் வேலையைப் போத்தல் இல்லாமலே செய்துவிடும். சைக்கிள் டியூப் துண்டு கொளுத்துவது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். நன்றாகப் பிடிக்கும், ஆனால் அந்தக் கரும்புகைக்கு அருகில் விருந்தினர் இருந்து கோழி சுட்டுச் சாப்பிட முடியாது.

வெலிமடைத் தம்பி மண்ணெண்ணெய் பற்றிச் சொன்னார். அது ஒரு காலத்துக்குச் சரி. 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறிய பின்னர், எங்கள் பக்கத்து இளைஞர்கள் அதற்காகக் கடைக்குப் போவதை விட்டுவிட்டு, வாசலில் நிற்கும் ஆட்டோவிலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ பெற்றோலை எடுக்கப் பழகிவிட்டார்கள். கை மட்டும் பழைய மண்ணெண்ணெய்ப் பழக்கத்திலேயே இருக்கிறது: தாராளமாக ஊற்று, ஆறுதலாகப் பற்ற வை. மாசி மாதக் காமன் கூத்தில் காமனைத் தகனம் செய்யும் கட்டத்தில் இதைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். சுற்றிச் சனம், தப்பு மேளத்தின் சத்தம், பிள்ளைகள் முன்வரிசையில். அதற்குள் ஒருவர் போத்தலோடு ஓடி வருவார். எங்கள் தோட்டத்தில் கோயில் கமிட்டியோடு பேசி, காய்ந்த வைக்கோலும் கற்பூரமும் மட்டும் போதும் என்று முடிவு செய்துவிட்டோம். காமன் அதற்கும் நன்றாகவே எரிகிறார்.

உங்கள் ஊவாப் பக்கத்துக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஜூலையிலிருந்து செப்டெம்பர் வரை அங்கே புல்வெளிகள் காய்ந்து, கச்சான் காற்றும் அடிக்கும். அந்த மாதங்களில் விறகு உலர்ந்தே கிடக்கும் என்பதால் ஊற்றுவதற்கு எந்தத் தேவையும் இல்லை. ஊற்றினால் முதலில் கிளம்பும் வீச்சில் பறக்கும் தீப்பொறி மானாப்புல்லில் விழுந்து மலையே பற்றும். காற்று அடிக்கும் இரவில் விருந்தினர் எவ்வளவு கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.


மறுகேள்வி
ஹப்புத்தளை விருந்தகம்:

அனைவருக்கும் நன்றி. தாதி அக்கா சொன்னவற்றைத் தனியாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டப் போகிறேன். மிலாறுக்கும் இன்றே சொல்லி வைத்துவிட்டேன். இன்னும் ஒரு சந்தேகம். மழை இரவுகளில் மேசை மேல் வைப்பதற்கென்று சிறிய மண்சட்டியில் ஸ்பிரிட் (எரிசாராயம்) ஊற்றி எரிக்கும் அலங்கார நெருப்பு ஒன்றை விருந்தினர் ஒருவர் பரிந்துரைத்தார். புகையும் மணமும் இல்லை என்கிறார். இது பெற்றோலைவிடப் பாதுகாப்பானதுதானே?


பதில் 5
அட்டன் இரசாயனவியல் ஆசிரியர்:

இல்லை. ஒரு விதத்தில் இது பெற்றோலைவிட நயவஞ்சகமானது.

மூடிய போத்தலுக்குள், திரவத்துக்கு மேலேயுள்ள வெற்றிடத்தைக் கவனியுங்கள். சாதாரண அறை வெப்பநிலையில் பெற்றோல் போத்தலுக்குள் அந்த இடத்தில் ஆவி மிக அதிகமாக இருப்பதால், எரிவதற்கு வேண்டிய காற்று பெரும்பாலும் போதாமல் இருக்கும். ஆனால் போத்தல் ஏறத்தாழக் காலியாகி, பழைய பெற்றோல் சிறிது மட்டும் மிஞ்சியிருந்தால் இந்த நிலை மாறிவிடும். ஸ்பிரிட் போத்தலுக்குள்ளோ, 20 பாகையளவில், ஆவியும் காற்றும் எரிவதற்கு ஏற்ற விகிதத்திலேயே கலந்து நிற்கின்றன. அதாவது போத்தலே திரி வைத்த வெடி போலத் தயாராக இருக்கிறது. எரியும் சட்டிக்கு மேலாக அதைச் சாய்த்தால், சுவாலை போத்தலின் வாய் வழியாக உள்ளே பாய்ந்து, உள்ளிருக்கும் கலவை பற்றி, அந்த அழுத்தத்தில் மிஞ்சிய திரவம் எரிந்தபடியே பீச்சியடிக்கப்படும். அது சில மீற்றர் தூரம் பாயும். போத்தலைப் பிடித்திருப்பவரைவிட மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் அதிகமாக எரிவார். இதைத் தடுப்பதற்காக, எரிபொருள் கலன்களின் வாயில் சுவாலை உள்ளே நுழையாதபடி தடுப்பு இருக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 2020 டிசம்பரில் சட்டமே இயற்றினார்கள். நாம் பாவிக்கும் சோடாப் போத்தலில் அப்படி எதுவும் கிடையாது.

அடுத்தது, ஸ்பிரிட்டின் சுவாலை மிக மங்கலான நீலம். வெளிச்சமான இடத்தில் கண்ணுக்குப் புலப்படாது. சட்டி அணைந்துவிட்டது என்று நம்பி மீண்டும் ஊற்றுவது இதனால்தான் நடக்கிறது. கை கழுவும் அற்ககோல் திரவத்தை விறகில் பிழிவதும் இதே வகைதான். அழகுக்காக மட்டும் என்றால், கண்ணாடிக் கூண்டுக்குள் மெழுகுவர்த்தி வையுங்கள்.

உங்களிடம் மின்பிறப்பாக்கி இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கான பெற்றோலை, எரிபொருளுக்கென்று செய்த கலனில் இறுக மூடி, கட்டடத்துக்கு வெளியே, பூட்டும் வசதியுள்ள நிழலான ஓர் இடத்தில் வைத்து, சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் முற்றத்துக்கு மேல்பக்கச் சரிவில் இருக்கக்கூடாது. கசிந்தால் ஆவி எந்தப் பக்கம் இறங்கும் என்பது உங்களுக்கு இப்போது தெரியும்.